வயது என்னும் மறுமொழி

எண்பது வயதைக் கடந்த ஒருவர் மறைந்தால், அவருக்கு என்ன நோய் என்று நம் ஊர்களில் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. தப்பித் தவறிக் கேட்டாலும், “வயதாகிவிட்டது” என்னும் ஒரே மறுமொழியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நாற்பது வயதில் ஒருவர் இறந்தால், எந்த மருத்துவர் பார்த்தார், எந்த மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள், எங்கே தாமதம் நேர்ந்தது என்பதெல்லாம் நாட்கணக்கில் பேசப்படுகின்றன. முதியவரின் மரணத்துக்கோ காரணமே தேவைப்படுவதில்லை, வயதே காரணமாகிவிடுகிறது. ஆனால் வயது எவரையும் கொல்வதில்லை. கொல்வது ஒரு நோய். மிக முதிர்ந்த பருவத்தில் அந்த நோய் பல வேளைகளில் நுரையீரல் அழற்சி, அதாவது நாம் நிமோனியா என்று கேள்விப்பட்டிருக்கும் நோய்.

விழுப்புரத்துக்கு மேற்கே காணை, கெடார், கண்டாச்சிபுரம் வட்டாரத்துச் சிற்றூர்களை எண்ணிப் பார்ப்போம். நெல்லும் கரும்பும் மணிலாவும் விளைகின்ற பூமி. பிள்ளைகள் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ பெங்களூருக்கோ கடல் கடந்தோ பிழைக்கச் சென்றுவிட, வீட்டைக் காத்திருப்போர் முதியவர்களே. மார்கழிப் பனி இறங்கும் நாளில் அத்தகைய வீடொன்றில் ஒரு மூதாட்டி இரண்டு நாட்களாகச் சரியாக உண்ணவில்லை. அழைத்தால் சற்றுப் பொறுத்தே திரும்பிப் பார்க்கிறார். பேரனை மகன் பெயர் சொல்லி அழைக்கிறார். கொல்லைப்புறம் போகும் வழியில் கால் தடுமாறி உட்கார்ந்துவிடுகிறார். காய்ச்சல் இல்லை, சொல்லத்தக்க இருமலும் இல்லை. “ஆயாவுக்கு வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது” என்கிறது வீடு. நான்காம் நாள் மேல்மூச்சு வாங்குகிறது. ஐந்தாம் நாள் உறவினர்க்குச் செய்தி போகிறது.

இளையோரிடம் இந்நோய் குளிர் நடுக்கம், கடுங்காய்ச்சல், நெஞ்சுவலி, நிறம் மாறிய சளி என்று ஆரவாரத்தோடு வரும். முதியவரின் உடலுக்கு அந்த ஆரவாரத்தை எழுப்பும் வலுவில்லை. ஆகவே நோய் ஓசையின்றி நுழைகிறது. திடீர்க் குழப்பம், உணவில் வெறுப்பு, அளவுக்கு மீறிய உறக்கம், காரணமற்ற தள்ளாட்டம் ஆகியவையே பெரும்பாலும் அதன் முதல் அடையாளங்கள். 2003-இல் பிரிட்டன் முதலிய நாடுகளின் மருத்துவர்கள் நிமோனியாவின் கடுமையை அளக்க ஐந்து குறிகளை வகுத்தபோது, குழப்பத்தையும் நிமிடத்துக்கு முப்பதை எட்டும் மூச்சு வேகத்தையும் அவற்றுள் சேர்த்தனர். மூச்சை எண்ணுவதற்குக் கருவி எதுவும் வேண்டாம். முதியவர் அறியாத வண்ணம் அருகில் அமர்ந்து, மார்பு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினால் போதும். கொரோனாவின் ஆண்டுகளில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. அது இன்று எந்த அலமாரியில் கிடக்கிறது என்று தேடிப் பார்க்கலாம்.

இத்துணை நேரம் நாம் பேசியது மருத்துவம். நாம் எடுத்துக்கொண்ட கேள்வியோ அறம் பற்றியது. தொண்ணூறு வயதில், படுக்கையோடு படுக்கையாகி, பெற்ற பிள்ளைகளையே அறியாத நிலையில் உள்ள ஒருவருக்கு நிமோனியா வந்தால், அதை எதிர்த்துப் போராடுவது கடமையா? அல்லது வந்ததை வரவேற்று ஒதுங்கி நிற்பது கருணையா?

கருணை என்று சொன்னவர்களுள் ஒரு பெரிய மருத்துவரும் உண்டு. கனடாவில் பிறந்து அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பேராசிரியராக விளங்கிய வில்லியம் ஆஸ்லர் 1892-இல் ஒரு மருத்துவப் பாடநூலை வெளியிட்டார். அதன் முதற்பதிப்பில் நிமோனியாவை முதுமையின் தனிப் பகைவனாகச் சித்திரித்த அவர், 1898-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அதையே முதியோரின் நண்பன் என்று கூறலானார். மெல்ல மெல்லத் தேய்ந்து அழியும் கொடுமையிலிருந்து முதியவரை அது விரைவாக விடுவிக்கிறது என்பது அவர் கருத்து. ஆறே ஆண்டுகளில் பகைவன் நண்பனாகிவிட்டான். அந்நாளில் பென்சிலின் இல்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. வெல்ல முடியாத பகைவனை நண்பன் என்று அழைத்து ஆறுதல் கொள்வது மனித இயல்பே. அதே ஆஸ்லர் 1919 டிசம்பர் 29-ஆம் நாள், எழுபதாம் வயதில், நிமோனியாவும் அதைத் தொடர்ந்து நெஞ்சுக்கூட்டில் கட்டிய சீழும் வாட்டியெடுக்க ஆக்ஸ்போர்டில் இறந்தார். அந்த இறுதி நோய் வாரக்கணக்கில் நீடித்தது.

இந்த நண்பனின் மென்மையைப் பற்றிப் பிற்காலத்தார் ஆராய்ந்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் பராமரிப்பு இல்லங்களில், மறதி நோயுடைய முதியோருக்கு நிமோனியா கண்டபோது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கிருமிக்கொல்லி மருந்து தரப்படவில்லை என்று 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. அது அலட்சியத்தால் அன்று. மருத்துவரும் குடும்பத்தாரும் எண்ணித் துணிந்து எடுத்த முடிவு. ஆயினும், அந்த நோயாளிகளை வருத்திய துன்பங்களுள் மூச்சுத்திணறல் முன்னிற்பதை அங்கே ஆராய்ந்தவர்கள் கண்டனர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சூழ்ந்த இல்லங்களில் நடந்து 2010-இல் வெளியான மற்றோர் ஆய்வு வேறொன்றைச் சொல்லிற்று. அத்தகைய முதியோருள் மருந்து பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தனர். ஆனால் ஊசி, மருத்துவமனை என்று சிகிச்சை கடுமையாக ஆக ஆக அவர்களது சுகம் குறைந்தது. ஆக, ஒதுங்கி நின்றால் அமைதி கிட்டும் என்பதும் முழு உண்மையன்று. போராடினால் நன்மை விளையும் என்பதும் முழு உண்மையன்று. இவ்விரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு உபதேசம் செய்வோரைக் கண்டால் நமக்குச் சற்று அச்சமே உண்டாகிறது.

மருந்தையும் தவக்குலையும் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ பெருநூலில் செய்துள்ள ஒரு பகுப்பு இங்கு நமக்குக் கை கொடுக்கிறது. தீங்கை நீக்கும் வழிகளை அவர் மூன்றாக வகுக்கிறார். ஒன்று, உறுதியானது: பசிக்கு உணவும் தாகத்துக்கு நீரும் போல. இதைக் கைவிடுவது இறைவனைச் சார்ந்திருத்தல் ஆகாது, குற்றமாகும். இரண்டாவது, பயன் எதிர்பார்க்கத்தக்கது: மருத்துவர் தரும் மருந்துகள் போல. இதைக் கொள்வது தவக்குலுக்கு முரணன்று. கொள்ளாமல் விடுவதும் விலக்கப்பட்டதன்று. மூன்றாவது, வெறும் கற்பனை சார்ந்தது. இதை விடுவதே தவக்குலுக்குப் பொருந்தும்.

இமாம் அவர்கள் மறைந்தது 1111-ஆம் ஆண்டில். அந்நாளைய மருந்துகளுள் முதல் வகையில் வைக்கத்தக்கவை அரிதினும் அரிது. இன்றோ நிலைமை வேறு. நேற்றுவரை திண்ணையில் அமர்ந்து வழிப்போக்கரை நலம் விசாரித்துக்கொண்டிருந்த எண்பத்திரண்டு வயதுக்காரருக்குக் கிருமியால் வந்த நிமோனியாவுக்கு, உரிய காலத்தில் கொடுக்கப்படும் எளிய மாத்திரை ஏறத்தாழ தாகத்துக்கு நீர் என்னும் படிக்கு அருகில் வந்து நிற்கிறது. அதே மாத்திரை, எல்லா உறுப்புகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்து, மாதம் தோறும் நிமோனியா திரும்பத் திரும்ப வரும் ஒருவரிடம் இரண்டாம் படிக்கு இறங்குகிறது. அவருக்குத் தொண்டையில் குழாய் இறக்கிச் செயற்கைச் சுவாசம் கொடுப்பது பல நேரங்களில் மூன்றாம் படிக்கே போய்விடுகிறது. அதாவது, படி மருந்தில் இல்லை, படுத்திருப்பவரிடத்தில் இருக்கிறது. ஆகவே ஆளைப் பாராமல் அகவையை மட்டும் பார்த்துச் சொல்லப்படும் எந்த முடிவும், போராடுவோம் என்பதாயினும் விட்டுவிடுவோம் என்பதாயினும், அறத்தின் வாசலைக் கூட எட்டவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

ஆளைப் பார்ப்பது என்றால், முதலில் அவரைக் கேட்பது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது நிகழ்ந்த இரு செய்திகளை நம்மில் பலர் அறிவர். இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பவர் குறைவு. விலாப்புறத்து நோயோ என்றஞ்சிய குடும்பத்தார் அவர்களின் வாயோரத்தில் மருந்தை ஊற்றினார்கள். வேண்டாம் என்று அவர்கள் சைகை காட்டினார்கள். நோயாளி மருந்தை வெறுப்பது இயல்புதானே என்று எண்ணி, வீட்டார் அச்சைகையைப் பொருட்படுத்தவில்லை. தெளிவு வந்ததும் நபிகளார் அதிருப்தி கொண்டு, தாம் தடுக்கவில்லையா என்று வினவியதோடு, அங்கிருந்தோர் அனைவருக்கும் அதே மருந்தைப் புகட்டுமாறு பணித்தார்கள். இது ஒன்று. மற்றொன்று, இறுதி வேளையில் நிகழ்ந்தது. அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கையில் மிஸ்வாக் குச்சியோடு உள்ளே வருகிறார்கள். நபிகளாரின் பார்வை அக்குச்சியில் நிலைப்பதை அன்னை ஆயிஷா (ரலி) கவனிக்கிறார்கள், வேண்டுமா என்று கேட்கிறார்கள், தலையசைப்பு கிடைக்கிறது, குச்சியைத் தம் பல்லால் மென்மையாக்கிக் கொடுக்கிறார்கள். முதல் நிகழ்ச்சியிலும் அன்பே இருந்தது, இரண்டாவதிலும் அன்பே இருந்தது. இரண்டாவதில் கேள்வியும் இருந்தது.

மிஸ்வாக் என்றதும் வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. இன்றைய மருத்துவத்தையெல்லாம் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று முழங்குவது நம் நோக்கமன்று. அத்தகைய முழக்கங்கள் நம்மிடையே தேவைக்கு மேல் உண்டு. ஆனால் ஜப்பானில் பதினொரு முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இரண்டாண்டுகள் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லத்தான் வேண்டும். அங்கே ஒரு சாரார்க்கு ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் பணியாளர்கள் பல் துலக்கி வாயைத் துடைத்தனர். மறு சாரார் வழக்கம் போல் விடப்பட்டனர். வழக்கம் போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கும், வாய் தூய்மை செய்யப்பட்டவர்களில் 11 பேருக்கும் நிமோனியா கண்டது. பின்னர் வேறிடங்களில் நடந்த எல்லா ஆய்வுகளும் இதே அளவு பயனைக் காட்டவில்லை. எனினும் காரணம் விளங்கக்கூடியதே. பக்கவாதம், மறதி நோய், நடுக்குவாதம் ஆகியவற்றால் விழுங்கும் ஆற்றல் தளர்ந்தவரின் எச்சிலும் உணவும் உணவுக்குழாயை விட்டு மூச்சுக்குழாயில் இறங்குகின்றன. புரையேறி இருமித் தள்ளும் வலுவும் அவருக்கு இல்லை. அழுக்கடைந்த வாயின் கிருமிகள் அந்த எச்சிலோடு நுரையீரலைச் சென்றடைகின்றன. பல் இல்லாதவருக்கு வாய் கழுவ வேண்டியதில்லை என்று எண்ணுவதும் பிழையே. ஈறும் நாக்கும் கழற்றி வைக்கும் பல்செட்டும் தினமும் துடைக்கப்பட வேண்டியவை.

படுத்திருப்பவரின் வாயில் ஊட்டுவதை நாம் பாசம் என்று கருதுகிறோம். அவர் மல்லாந்து கிடக்க, தலையை மட்டும் சற்றுத் தூக்கி, டம்ளரால் கஞ்சியையோ பாலையோ ஊற்றுகிறோம். நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்க, சிறு கரண்டியால் ஒரு வாய் விழுங்கிய பின் மறுவாய் கொடுத்து, உண்ட பின்னும் அரைமணி நேரம் சாயவிடாமல் இருத்துவதற்குப் பொறுமை வேண்டும். இறுதி வேளையில் ஸம்ஸம் நீரையோ, அண்டை வீட்டாராயின் பாலையோ தொண்டையில் ஊற்றும் வழக்கமும் எல்லாச் சமூகத்தாரிடமும் இருக்கிறது. நனைத்த பஞ்சால் உதட்டையும் நாவையும் ஈரமாக்குவதே அங்கே போதுமானது. சட்ட நூலார் சிலர் விரும்பத்தக்கதாகச் சொல்வதும் ஈரமாக்குதலைத்தான்.

பால் ஊற்றுதல் பாசமாயிராத இடமும் நம் தமிழகத்தில் உண்டு. விருதுநகர் முதலிய தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்னும் வழக்கம் மறைவாக நிலவியதை 2010-ஆம் ஆண்டுவாக்கில் செய்தித்தாள்கள் வெளிக்கொணர்ந்தன. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு விடியற்காலையில் உடல் முழுதும் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீராட்டி, இளநீரைக் குடம் குடமாய்ப் புகட்டி, சில இடங்களில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலை ஊற்றி முடித்துவிடுவார்கள். குளிர்ந்த உடலில் காய்ச்சலும், நுரையீரலில் இறங்கிய பாலும் தம் வேலையைச் செய்கின்றன. சாவுக்குக் காரணம் கேட்டால் மறுமொழி ஆயத்தமாக இருக்கிறது: வயதாகிவிட்டது. பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய ‘பாரம்’ என்னும் திரைப்படம் இவ்வழக்கத்தைப் பொருளாகக் கொண்டு தேசிய விருது பெற்றது. அம்மக்களைக் கொடியவர்கள் என்று ஒதுக்கிவிட்டு நாம் தூயவர்களாய் எழுந்து போய்விட முடியாது. “அல்லாஹ் சீக்கிரம் அழைத்துக்கொண்டால் நல்லது” என்று படுக்கையைச் சுட்டி நாம் சொல்லும்போது, யாருடைய துன்பம் தீர வேண்டுமென்று கேட்கிறோம்? இரவெல்லாம் விழித்து, மலம் அள்ளி, முதுகுப் புண்ணுக்கு மருந்திட்டுக் களைத்துப் போனவரின் வாயிலிருந்து அச்சொல் வந்தால் நாம் அவரைப் பழிக்கமாட்டோம். அவரது கைவேலையைப் பகிர்ந்துகொள்ளாத நம்மையே பழிப்போம். ஆண்டுக்கொருமுறை வந்து பார்த்துச் செல்பவர் வாயிலிருந்து வந்தால் அது வேறு.

வீட்டில் முடியாதவர்கள் இல்லங்களுக்குச் செல்கிறார்கள். எல்லா இல்லங்களையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமன்று. பெற்ற பிள்ளை செய்யாததைச் செய்யும் இல்லங்கள் உண்டு. ஆனால் கெடார் காவல் நிலையத்தில் 2023 பிப்ரவரியில் பதிவான ஒரு வழக்கு நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. விழுப்புரம் மாவட்டத்துக் குண்டலப்புலியூரில் ஆதரவற்றோர்க்கென இயங்கிய ஓர் இல்லத்தில் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைத் தேடிச் சென்ற உறவினருக்கு அவர் அங்கே இல்லை என்பது தெரிந்தது. விவகாரம் ஆட்கொணர்வு மனுவாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அதிகாரிகள் உள்ளே நுழைந்து பார்த்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கிருந்தனர். அவர்கள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். வழக்குக் குற்றப்பிரிவு குற்றப்புலனாய்வுத் துறைக்குச் சென்றது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் கூறட்டும். நமக்கு உறைக்கும் செய்தி வேறு. தேடி வர ஓர் உறவினர் இருந்ததால்தான் அந்தக் கதவு திறந்தது. தேடுவாரற்ற முதியவர் ஓர் இல்லத்தில் நிமோனியாவால் மூச்சுத் திணறி இறந்தால், அவர் எத்தனை நாள் உண்ணாதிருந்தார், எந்த மருத்துவர் வந்து பார்த்தார் என்று கேட்பவர் யார்? அங்கேயும் வயது என்னும் மறுமொழி எழுதப்பட்டு ஏடு மூடப்படும்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் நம் நாட்டில்தான் நடந்தது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் கொடுந்தாக்குதலுக்கு ஆளாகி நினைவிழந்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் அம்மருத்துவமனைச் செவிலியர் தலைமுறை தலைமுறையாக அவருக்கு ஊட்டினார்கள், துடைத்தார்கள், புரட்டிப் படுக்க வைத்தார்கள். அவருக்கு உணவளிப்பதை நிறுத்த அனுமதி கோரி ஓர் எழுத்தாளர் தொடுத்த மனுவை 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவருக்காகப் பேசும் உரிமை, நாள்தோறும் அவரைத் தொட்டுப் பேணிய செவிலியருக்கே உரியது என்று நீதிமன்றம் கருதிற்று. 2015 மே 18 அன்று அவர் நிமோனியாவால் இறந்தார். அவ்வளவு பேணலுக்குப் பின்னும் நிமோனியா வந்தது. ஆனால் அதை எவரும் வயதென்றோ விதியென்றோ எழுதிவிட்டுத் திரும்பிப் படுக்கவில்லை.

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வாசலையும் திறந்தது. மீளாத நிலையில் தமக்குச் செயற்கை உயிர்தாங்கு சிகிச்சை வேண்டாமென்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2023 ஜனவரியில் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டு, நோட்டரியோ அரசிதழ் பதிவு அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றாயிற்று. எழுத வேண்டியவரே எழுத வேண்டும் என்பதுதான் இதன் உயிர்நிலை. பிள்ளைகள் கூடி எழுதித் தருவதன்று.

சிகிச்சை வேண்டாம் என்று முடிவானால் செய்ய ஒன்றுமில்லை என்று கருதுவது பெரும் பிழை. செய்ய வேண்டியவை அப்போதுதான் மிகுகின்றன. தலைப்பக்கம் உயர்த்திய படுக்கை, முகத்தில் படும் காற்று, உலராத வாய், மூச்சுத்திணறலைத் தணிக்க மருத்துவர் அளந்து தரும் சிறிதளவு மார்பின். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தால் கிடைத்தற்கரியதாகிப் போன அம்மருந்து 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஓரளவு எளிதாகியிருக்கிறது. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் பின்னர் மலப்புறம் போன்ற மாவட்டங்களில் ஊர்தோறும் தொண்டர்களைக் கொண்டு வீடு தேடிச் சென்றது. அத்தொண்டர்களுள் பள்ளிவாசல் ஜமாஅத்துகளைச் சேர்ந்தோர் ஏராளம். நம் தமிழகத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே கிடப்போர்க்கான பேணலும் இடம்பெற்றுள்ளது. நம் ஜமாஅத்துகள் மையித்துக்கான கட்டிலையும் கஃபனையும் குறைவின்றி வைத்திருக்கின்றன. இறக்கும் முன் தேவைப்படும் சாய்வுக் கட்டிலைப் பற்றிப் பேச்சில்லை.

ஹஜ்ஜுக்குப் புறப்படும் முதியவருக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டு அனுப்புகிறோம். அதே வயதில் வீட்டில் தங்கிவிட்டவருக்கு அப்படி ஓர் ஊசி இருப்பதையே அறியோம். நிமோனியாவைத் தரும் முக்கியக் கிருமிக்கெதிரான தடுப்பூசியைக் கைக்குழந்தைகளுக்கு அரசு இலவசமாகப் போடுகிறது. தாத்தாவுக்கு நாம்தான் விலை கொடுத்து வாங்க வேண்டும். வாங்குவோர் சிலரே.

கடைசியாக, முடிவெடுக்கும் நேரத்தைப் பற்றி ஒரு சொல். மேல்மூச்சு வாங்கும் இரவில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மூத்த மகன் துபாயிலிருந்தோ குவைத்திலிருந்தோ தொலைபேசியில் பேசுகிறார். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கா, புதுச்சேரிக்கா, அல்லது வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்று கூடத்தில் ஆண்கள் கலந்து பேசுகிறார்கள். ஊர் என்ன சொல்லும் என்பதும் அந்தப் பேச்சில் ஓரமாக அமர்ந்திருக்கிறது. கதவுக்குப் பின்னால் மருமகள் நிற்கிறார். மாமியார் என்றைக்கு முழுச் சோறு உண்டார், எந்த நாளிலிருந்து விழுங்கத் தடுமாறுகிறார், சென்ற முறை மருத்துவமனையில் கையைக் கட்டிப் போட்டபோது எப்படி அழுதார், தெளிவாக இருந்த ஒரு பிற்பகலில் தம் இறுதியைப் பற்றி என்ன சொல்லி வைத்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரை எவரும் இன்னும் உள்ளே அழைக்கவில்லை.